வெள்ளாங்குளம்: பூச்சியம்

திரையில் மூன்று வரிகள் இருந்தன. பேசாலை: 118. பள்ளிமுனை: 64. வெள்ளாங்குளம்: 0.

நாற்பத்திரண்டு விண்ணப்பங்களை என் கையாலேயே நிரப்பி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்துப் பார்த்து, கிராம அலுவலரின் கடிதத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் இணைத்து, மூன்று வாரங்களுக்கு முன்பு இதே வீடமைப்புக் கந்தோரில் ஒப்படைத்தவன் நான். வெள்ளாங்குளம் மீள்குடியேற்றக் குழுவின் செயலாளர் என்ற முறையில், ஒப்படைத்ததற்குச் சான்றாக ஒரு துண்டுச் சீட்டும் எழுதி வாங்கியிருந்தேன். அந்தத் துண்டு என் சட்டைப் பையில் இருக்கும்போதே அந்தத் திரை பூச்சியம் என்றது.

“கோவிக்காதேங்கோ மாஸ்டர்,” என்றார் பெனடிக்ற். வீடமைப்புச் செயற்றிட்டத்தின் மன்னார் அலுவலர் அவர்தான், பேசாலையைச் சேர்ந்தவர். “சிஸ்டம் அப்பிடித்தான் காட்டுது. நான் என்ன செய்யிறது?”

“நீங்கள் கையெழுத்து வைச்சு வாங்கின கடுதாசியள் எங்கை?”

“அலுமாரிக்குள்ள பத்திரமாக் கிடக்கு. ஆனா இப்ப கடுதாசி செல்லாது மாஸ்டர். சிஸ்டத்தில இருந்தாத்தான் ஆள்.”

என் பின்னால் நின்ற பேச்சியம்மா முன்னே வந்தார். விண்ணப்பித்த நாற்பத்திரண்டு பேரில் அன்று என்னோடு பஸ்ஸில் வந்தவர் அவர் ஒருவரே. மற்றவர்கள் கூலி வேலையை விட்டு வர முடியாதவர்கள்.

“அந்த சிஸ்டம் யாரு சார்?” என்று கேட்டார். “இங்க வரச் சொல்லுங்க. எம் மூஞ்சியப் பாத்து, நான் இல்லன்னு சொல்லட்டும்.”

பதிவு மேசையில் இருந்த நசீறா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பெனடிக்ற் சிரிக்கவில்லை. சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். பத்தே கால். பிற்பகல் மூன்று மணிக்குப் பட்டியல் பூட்டப்படும். பூட்டிய பட்டியலில் உள்ளவர்களுக்கே வீடு. இரண்டாம் கட்டம் என்று ஒன்று இல்லை; இருக்கப் போவதுமில்லை. இதை எங்களுக்கு அனுப்பிய மடலிலேயே எழுதியிருந்தார்கள். அந்த மடலின் எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. ஆயினும் பொருள் தெளிவாக விளங்கியது.

பேச்சியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்பு மலையகத்திலிருந்து தாய் தகப்பனோடு வெள்ளாங்குளத்துக்கு வந்தபோது அவருக்கு வயது ஒன்பது. அன்று தொடக்கம் ஏரம்புவின் வயலில் வேலை. ஏரம்பு எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவருடைய குடும்ப அட்டையின் கீழ்ப்பகுதியில் வேலைக்காரக் குடும்பங்களின் பெயர்களையும் எழுதி வைத்திருந்தார்கள். இடப்பெயர்வுக் காலத்தில் நிவாரண மாவும் பருப்பும் அட்டைக்கே கொடுக்கப்பட்டன. ஆகவே, தனக்கு உரிய மாவை வாங்குவதற்குப் பேச்சியம்மா பதினெட்டு ஆண்டுகள் ஏரம்புவின் படலை வாசலில் பையோடு நின்றிருக்கிறார். என் அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கொடுத்தார். ஆனால் நிற்கவைத்துக் கொடுத்தார். நானும் அந்தப் படலையைக் கடந்து பள்ளிக்கூடத்துக்குப் போனவன்தான். ஒரு நாளும் ஒரு சொல் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் கணவர் செல்லையாவை இழந்து, செட்டிகுளம் முகாமுக்குள் இரண்டு பிள்ளைகளோடு போன பிறகுதான் பேச்சியம்மாவுக்கென்று ஓர் அட்டை கிடைத்தது. குடும்பத் தலைவி: பேச்சியம்மா. முள்வேலிக்குள் கிடைத்த அட்டை. இப்போது நான்கு ஆண்டுகளாக ஊரில், தகரமும் தறப்பாளும் சேர்த்துக் கட்டிய கொட்டிலில் இருக்கிறார். காணிக்கு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், இல்லை. அவரைப் போல உறுதி இல்லாத குடும்பங்களே அந்த நாற்பத்திரண்டும். உறுதி உள்ளவர்களின் தொகை வேறு பக்கத்தில்; திரையில் வெள்ளாங்குளம் என்ற வரி இவர்களுக்கே உரியது.

பெனடிக்ற் கதிரையை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார்.

“மாஸ்டர், ஒரு வழி இருக்கு. காணி உறுதி உள்ள ஆக்களின்ர பகுதி ஒழுங்கா வேலை செய்யுது. அதில ஒவ்வொரு குடும்பத்துக்குக் கீழயும் ‘சார்ந்திருப்போர்’ எண்டு பெயர் போடலாம். ஏரம்பர் அதில இருக்கிறார். இவவை அவருக்குக் கீழ போட்டுவிடுவம். வீடு அவற்ற காணியில, அவற்ற பெயரில வரும். இவ இருக்கலாம்தானே? ஆர் எழுப்பப் போகினம்?”

நான் வாய் திறப்பதற்கு முன்பே பேச்சியம்மா பேசிவிட்டார்.

“வேணாம் சார்.”

“அம்மா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ…”

“கேட்டுட்டேன் சார். வீடு இல்லாமலே இருந்துக்குறேன். தறப்பாள் கிழிஞ்சா இன்னொண்ணு போட்டுக்குவேன். இன்னொருத்தரு அட்டைக்குக் கீழ மட்டும் மறுபடி எழுதாதீங்க. நான் செத்தாலும் அங்க எழுதாதீங்க.”

குரல் உயரவில்லை. ஆனால் அந்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

“கேட்டீங்களோ?” என்றேன் பெனடிக்றிடம். “தனிக் குடும்பமாய் எழுதவேணும். மூன்று மணிக்கு முன்னம்.”

“என்னட்டைச் சொல்லி என்ன? பின்னறையில தக்சிகா இருக்கிறா. அவதான் உங்கட பகுதியைச் செய்தவ. அவவைக் கேளுங்கோ.”

தக்சிகா பள்ளிமுனைப் பிள்ளை. இருபத்தேழு வயது. அந்தக் கந்தோரில் கணினி வேலைக்கென்று இருந்தவர் அவர் ஒருவரே. நாங்கள் பின்னறைக்குள் போனபோது அவர் ஏற்கனவே அதே பூச்சியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“சேர், தரவு எல்லாம் இருக்கு,” என்றார், நாங்கள் கேட்கும் முன்பே. “நாப்பத்திரண்டும் கொழும்பு சேர்வரில இருக்கு. ஒண்டும் அழியேல்லை. ஆனா கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.”

“ஆள் எண்டால்?”

அவர் எனக்கு விளக்கினார். எனக்கு விளங்கும்வரை விளக்கினார்; அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டவன். இங்கே நான் எழுதுவது அவர் சொன்னதுதான்.

கொழும்பிலுள்ள ஒரு கம்பனி முதன்மைச் செயலியைச் செய்தது. அதை அவர்கள் ஹோஸ்ட் என்கிறார்கள். காணி உள்ளோருக்கு ஒரு பகுதி, மீன்பிடிக் குடும்பங்களுக்கு ஒரு பகுதி என்று ஒவ்வொன்றையும் அசெம்பிளி எனப்படும் தனித்தனிக் கோப்பாகக் கட்டி ஹோஸ்ட்டோடு சேர்த்தார்கள். உறுதி இல்லாதவர்களின் பகுதியைக் கட்ட அவர்களுக்குத் தெரியவில்லை. உறுதி இல்லாத ஒருவர் இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே காணித் துண்டில் இருந்தார் என்பதை எந்தெந்தக் கடிதங்களால் நிறுவலாம் என்பது அங்கே எவருக்கும் விளங்கவில்லை. ஆகவே அதை மன்னாரில் தக்சிகாவிடம் கொடுத்தார்கள். அவர் ஆறு மாதம் இருந்து செய்தார். எங்கள் ஊருக்கு நான்கு முறை வந்து, கொட்டில் கொட்டிலாக இருந்து கேட்டு எழுதினார். அந்த அசெம்பிளிக்கு வெள்ளாங்குளம் என்றே பெயரிட்டிருந்தார்.

“ஒவ்வொரு அசெம்பிளிக்குள்ளயும் கொன்ட்ரோலர் இருக்கும் சேர். ஆராவது ஒரு பக்கத்தைக் கேட்டால், பதிலை எடுத்துக் குடுக்கிறது அந்தக் கொன்ட்ரோலர்தான். கேள்வி முதல் ஹோஸ்ட்டிட்டைத்தான் வரும். ஹோஸ்ட் தொடங்கேக்கையே, எந்தெந்த அசெம்பிளிக்குள்ள கொன்ட்ரோலரைத் தேடவேணும் எண்டு ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளும். அந்தப் பட்டியலில இல்லையெண்டால், பக்கத்திலேயே கிடந்தாலும் திரும்பிப் பாராது.”

“எங்கட அசெம்பிளி அங்கை இல்லையோ?”

“இருக்கு. சரியான போல்டருக்குள்ளதான் இருக்கு. நானே அனுப்பினனான். ஆனா பட்டியலில இல்லை. தொகைப் பக்கம் எல்லாப் பகுதியையும் ‘உன்னட்டை எத்தினை பேர்’ எண்டு கேக்கும். எங்கட பகுதியிலயிருந்து பதில் வராது. பதில் வராட்டிப் பூச்சியம்.”

“பின்னை, இஞ்ச மூன்று கிழமையா எப்படி வேலை செய்தது? நசீறாப் பிள்ளை என்ர கண்ணுக்கு முன்னால ஏத்தினவ.”

தக்சிகா கதிரையை என் பக்கம் திருப்பினார்.

“அது என்ர பிழையும்தான் சேர். இஞ்ச லைன் அடிக்கடி அறுந்துபோகும். அதால நாங்கள் எல்லாத்தையும் கந்தோரில இருக்கிற பிரதியில ஏத்திப்போட்டு, பின்னேரம் தரவை மட்டும் கொழும்புக்கு அனுப்புறனாங்கள். இஞ்சத்தப் பிரதியில நான் என்ர வேலையை ஹோஸ்ட்டோட நேரடியா இணைச்சு வைச்சிருந்தன். அதால இஞ்ச ஹோஸ்ட்டுக்கு அதைத் தெரியும். கொழும்பில இருக்கிற உண்மையான தளத்தை நாங்கள் ஒருத்தரும் திறந்து பாக்கேல்லை. பூட்டுற நாள் எண்டபடியால் இண்டைக்குத்தான் நேரடியா அதைத் திறந்து வேலை செய்யிறம்.”

தன் பிழையை மறைக்காத ஒருவரை அந்தக் கட்டடத்தில் அன்று நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

“பட்டியலில சேர்க்க எவ்வளவு நேரம் வேணும்?”

“ஒரு வரி, சேர். ரெண்டு நிமிசம். ஆனா ஹோஸ்ட்டைத் தொட எனக்கு அனுமதி இல்லை. கொழும்பு ஆக்கள்தான் செய்யவேணும்.”

கொழும்புக் கம்பனியில் இந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் நிஷாந்தன் என்பவர். பதினொன்றரைக்கு அழைத்தபோது கூட்டத்தில் இருந்தார். பன்னிரண்டுக்கு அழைத்தபோது சாப்பாட்டுக்குப் போயிருந்தார். பன்னிரண்டே முக்காலுக்குக் கிடைத்தார். தக்சிகா தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

“ஓ, அதுவா? தெரியும் மிஸ்,” என்றது குரல். “எங்க கம்பனிக் குறியில தொடங்குற அசெம்பிளிய மட்டுந்தான் ஹோஸ்ட் எடுக்கும். அப்பிடித்தான் எழுதியிருக்கோம். செக்யூரிட்டி. வெளியாள் ஃபைல் எல்லாம் உள்ள ஓடக்கூடாது தானே.”

“இது வெளியாள் ஃபைல் இல்லை. நீங்கள்தான் செய்யச் சொன்னனீங்கள்.”

“சரி சரி. திங்கட்கிழமை பாப்போம். இப்ப ஃப்ரீஸ். பட்டியல் பூட்டுற நாள்ல ஹோஸ்ட்டத் தொடமாட்டோம். அதுதான் ரூல்.”

“திங்கட்கிழமை பாத்து என்ன பிரியோசனம்? மூண்டு மணிக்குப் பூட்டினால் நாப்பத்திரண்டு குடும்பத்துக்கு வீடில்லை.”

“மிஸ், ஒரு மொடியூலுக்காக முழு சிஸ்டத்தையும் ரிஸ்க் எடுக்க ஏலாது. மத்தப் பகுதி எல்லாம் நல்லாத்தானே ஓடுது?”

நான் குறுக்கிட்டேன். குறுக்கிடாமல் இருந்திருக்க முடியாது.

“தம்பி, நான் இந்தக் குடும்பங்களின்ர செயலாளர். நீங்கள் போட்ட பூட்டு, நீங்கள் வரச்சொன்ன ஆளையே வெளியில நிறுத்துது. இது தெரிஞ்சும் மூன்று கிழமை பேசாமல் இருந்தனீங்களோ?”

“ஐயா, யாரும் கேக்கலியே. கேட்டிருந்தா சொல்லியிருப்போம்.”

தொலைபேசி நின்றுவிட்டது. லைன் அறுந்ததோ, அவர் அறுத்தாரோ தெரியாது.

முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியனாகவும் அதிபராகவும் இருந்தேன். ஷெல் விழுந்த பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடத்தியிருக்கிறேன். இராணுவ முகாமில் நின்று மேசை, கதிரைகளை மீட்டிருக்கிறேன். ஆனால் ‘யாரும் கேட்கவில்லையே’ என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்த ஆத்திரம் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை. எங்கள் சனங்களின் வாழ்க்கை முழுவதும் அந்த வாக்கியத்துக்குக் கீழேதான் நடந்திருக்கிறது. தோணி வைத்திருந்தவர்கள் கேட்கப்பட்டார்கள். உறுதி வைத்திருந்தவர்கள் கேட்கப்பட்டார்கள். கேட்பவனுடைய பட்டியலில் இல்லாதவன் எப்படி வந்து கேட்பான்? கேட்டால் எந்தக் காது கேட்கும்?

பேச்சியம்மா இவ்வளவையும் நின்றுகொண்டே கேட்டார். கதிரையைக் காட்டியும் அவர் இருக்கவில்லை.

“என்ன புள்ள, முடியாதுங்கிறாரா?”

தக்சிகா திரையில் கோப்புகளின் பட்டியலைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சேர், ஒரு வழி இருக்கு. ஹோஸ்ட்டைத் தொடத் தேவையில்லை.”

“சொல்லும்.”

“அவையின்ர குறியில தொடங்குற அசெம்பிளியை ஹோஸ்ட் தானாவே எடுக்கும் எண்டுதானே சொன்னவர்? நான் என்ர அசெம்பிளிக்கு வெள்ளாங்குளம் எண்ட பெயரை எடுத்துப்போட்டு, அவையின்ர குறியான மூண்டெழுத்தையும் முன்னால போட்டுத் திருப்பிக் கட்டுறன். அந்தப் போல்டருக்குள்ள ஃபைல் ஏத்த எனக்கு அனுமதி இருக்கு. புது ஃபைல் விழுந்தவுடன ஹோஸ்ட் தானாத் திரும்பத் தொடங்கும். தொடங்கேக்கை எங்கட கொன்ட்ரோலரையும் எடுத்துக்கொள்ளும்.”

“அதில என்ன தடை?”

“ஒப்பந்தத்தில ஒரு வரி கிடக்கு. அவையின்ர குறி போட்டது எல்லாம் அவையின்ர சொத்து. ஆறு மாத வேலையும் அவையின்ர வேலையாப் போகும். நான் செய்தனான் எண்டு எங்கயும் காட்ட ஏலாது. அனுமதியில்லாமல் குறியைப் போட்டதெண்டு என்னை நிப்பாட்டினாலும் நிப்பாட்டுவினம்.”

நான் மறுத்தேன். அன்று காலை பேச்சியம்மா சொன்ன சொல் என் காதில் இன்னும் இருந்தது. “இன்னொருத்தற்ற பெயருக்குக் கீழ போகமாட்டன் எண்டு இவ வீட்டையே வேண்டாமெண்டவ. அந்த வேலையையே நீர் செய்யப் போறீரோ? பொய்ப் பெயரில ஓர் உண்மையைக் கொண்டுபோய் வைக்கிறதுக்கு நான் சம்மதியன்.”

தக்சிகாவுக்கு என்மீது கோபம் வந்தது. வந்தது நியாயமே.

“சேர், உங்களிட்டை நான் சம்மதம் கேக்கேல்லை. அவவுக்கு அது குடும்பம். எனக்கு இது ஃபைல். ரெண்டையும் ஒண்டாக்காதேங்கோ.”

“பிள்ளை…”

“எனக்கு எரியேல்லை எண்டு நினைக்கிறீங்களோ? எரியுது. ஆனா மணி ஒண்டே கால்.”

அவர் திரும்பி உட்கார்ந்தார். நான் மேசையை விட்டு விலகி நின்றேன்.

பெயரை மாற்றுவது ஒரு கோப்பின் தலைப்பை மாற்றுவது போன்றதன்று. திரையில் காட்டும் ஊர்ப்பெயரைத் தவிர, உள்ளே அந்தப் பெயர் வந்த இடமெல்லாம் மாற்றி, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டவேண்டும். இரண்டு முறை கட்டிப் பிழை காட்டியது. மூன்றாவது முறை சரிவந்தது. ஒன்று ஐம்பதுக்கு ஏற்றத் தொடங்கினார். பாதி ஏறியதும் லைன் அறுந்தது. மறுபடி தொடங்கினார்; மறுபடியும் அறுந்தது. நசீறா தன்னுடைய கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து, “இதில சிக்னல் நல்லா இருக்கு, இதால அனுப்பிப் பாருங்க,” என்று யன்னலோரம் வைத்தார். அந்தச் சிறு கருவியின் வழியாக எங்கள் ஊர் அங்குலம் அங்குலமாகக் கொழும்புக்குப் போயிற்று. நான் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்து நின்றேன். பார்த்தேன் என்றுதான் பெயர். என் கண்ணில் எதுவும் படவில்லை.

இரண்டு இருபத்தாறுக்குத் தக்சிகா பக்கத்தைப் புதுப்பித்தார்.

வெள்ளாங்குளம்: 41.

நாற்பத்தொன்று. நான் விரலை வைத்துப் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தேன். நாற்பத்தொரு பெயர்கள் கறுப்பில் இருந்தன. அடியில் ஒரு பெயர் சிவப்பில் இருந்தது. பேச்சியம்மா. பக்கத்தில்: ஏற்கனவே வேறு பகுதியில் பதியப்பட்டவர்.

“என்ன இது?”

தக்சிகா அடையாள அட்டை இலக்கத்தைத் தேடினார். பேச்சியம்மா இருந்த இடம் உடனே வந்தது. காணி உள்ளோர் பகுதி. குடும்பத் தலைவர்: ஏரம்பு. சார்ந்திருப்போர்: பேச்சியம்மா, வேலையாள். பதிந்த நேரம்: பிற்பகல் 1.12.

ஒரே அடையாள அட்டை இரண்டு இடத்தில் வந்தால், முதலில் பதிந்ததே நிற்கும். எங்கள் பகுதி ஹோஸ்ட்டின் கண்ணில் பட்டதே இப்போதுதான். ஆகவே ஒன்று பன்னிரண்டுக்குப் பதிந்ததே முதல் பதிவு.

நசீறா முகம் வெளிறி நின்றார். “பெனடிக்ற் சேர்தான் போடச் சொன்னாரு,” என்றார். “நீங்க உள்ளுக்குக் கதைச்சிட்டு இருக்கேக்க. இவவும் சம்மதிச்சிட்டா எண்டு நினைச்சேன், அல்லா மேல ஆணை.”

நான் பெனடிக்றின் மேசைக்குப் போன வேகத்தை என் முழங்கால்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றன. பேச்சியம்மா எனக்கு முன்னால் போய்விட்டார்.

“எழுதாதீங்கன்னு சொன்னேனே சார்.”

பெனடிக்ற் எழுந்து நின்றார். “அம்மா, உங்கட நன்மைக்குத்தான். உங்கட பகுதி வராமப் போனால் ஒண்டுமே இல்லாமல் நிப்பீங்கள் எண்டு இரக்கப்பட்டுத்தான் போட்டனான்.”

“நான் இரக்கம் கேக்கலியே சார். எழுதாதீங்கன்னுதான் கேட்டேன்.”

“அதை அழியும்,” என்றேன். “உடனே.”

“மாஸ்டர், நீங்கள் நினைக்கிற மாதிரி லேசில்லை. அழிக்கிறதெண்டால் என்ர பெயரில உள்ள போய், காரணம் எழுதவேணும். அது கொழும்புக்கும் போகும், உதவி குடுக்கிற ஆக்களுக்கும் போகும். சம்மதமில்லாமல் போட்டனான் எண்டு நானே எழுதவோ?”

“வேறை என்ன நடந்தது? நடந்ததை எழுதும்.”

“எனக்கும் பிள்ளையள் இருக்கு.”

“இவவுக்கும் இருக்கு!”

நான் கத்திவிட்டேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கத்தியதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

பெனடிக்ற் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். இரண்டு நாற்பத்தொன்று. அவர் இருக்கவுமில்லை, விசைப்பலகையைத் தொடவுமில்லை. அப்போது பேச்சியம்மா ஒரு காரியம் செய்தார். மேசைக்கு இந்தப் பக்கம் கிடந்த கதிரையை, அன்று காலை முதல் இருக்க மறுத்த அந்தக் கதிரையை, இழுத்துப்போட்டு அதில் இருந்தார்.

“நான் இங்கதான் இருப்பேன் சார். மூணு மணி அடிச்சாலும் இருப்பேன். நாளைக்கும் இருப்பேன். வர்றவங்க எல்லாருக்கும் சொல்லுவேன். இந்த சார் என்னைய வேலக்காரின்னு எழுதிட்டாருன்னு சொல்லுவேன். உங்க சர்ச் ஃபாதர் வந்தா அவருக்கும் சொல்லுவேன். நீங்க எழுத வேண்டியத எழுதாட்டி, நான் வாயால சொல்லிக்கிட்டே இருப்பேன்.”

மிரட்டும் குரலில் அவர் இதைச் சொல்லவில்லை. நாளைக்கு நாற்று நடப் போகிறேன் என்று சொல்வதுபோலச் சொன்னார். பெனடிக்ற் அவரை நம்பினார். அவர் முகத்தில் அது தெரிந்தது.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அவர் தன் கடவுச்சொல்லை அடித்தார். காரணம் என்ற இடத்தில், ‘தவறுதலாகச் சேர்க்கப்பட்டது’ என்று எழுதினார். “தவறுதலாக இல்லை, மறுத்த பிறகு,” என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் அழித்துவிட்டுத் திருத்தி எழுதினார்: விண்ணப்பதாரர் மறுத்த பின்னரும் சேர்க்கப்பட்டது. பொத்தானை அழுத்தினார்.

பின்னறையிலிருந்து தக்சிகாவின் குரல் வந்தது: “நாப்பத்திரண்டு!”

நான் போய்ப் பார்த்தேன். குடும்பத் தலைவி: பேச்சியம்மா. சார்ந்திருப்போர்: மகள், மகன். கறுப்பு எழுத்து. மணி இரண்டு ஐம்பத்தைந்து. ஐந்து நிமிடம் கழித்துப் பட்டியல் பூட்டிக்கொண்டது. அச்சு இயந்திரம் ஒன்பது தாள்களைத் துப்பியது. பேச்சியம்மா தன் பெயர் இருந்த தாளை மட்டும் வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு, “ஏரம்பு ஐயாவோட தாளக் குடுங்க,” என்றார். அதிலும் மேலிருந்து கீழே வாசித்தார். தன் பெயர் அங்கே இல்லையென்று கண்ட பின்புதான் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கொழும்பிலிருந்து நிஷாந்தன் அழைத்தார். இம்முறை அவருக்குக் கூட்டமும் இல்லை, சாப்பாடும் இல்லை.

“மிஸ், எங்க குறியில ஒரு அசெம்பிளி உள்ள ஓடுது. யார் போட்டது?”

“நான்தான்.”

“உடனே எடுங்க அத!”

“ஏலாது. இண்டைக்கு ஃப்ரீஸ்,” என்று சொல்லிவிட்டுத் தக்சிகா தொலைபேசியை வைத்தார். காலையில் கொண்டுவந்த சாப்பாட்டுப் பொதியை அப்போதுதான் அவிழ்த்தார். சோறு விறைத்துப் போயிருந்தது. எங்கள் எவரோடும் பேசாமல் சாப்பிட்டார். அவர் அழவில்லை, ஆனால் ஒவ்வொரு பிடியையும் கோபத்தோடு விழுங்கினார்.

அதன் பின் நடந்தவற்றையும் எழுதிவிடுகிறேன். அடுத்த மாதம் தக்சிகாவின் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. குறியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பது காரணமாம். ஆனால் தவறாகப் பயன்படுத்தப்பட்ட அந்த அசெம்பிளியை அவர்கள் எடுத்தெறியவில்லை. திங்கட்கிழமையும் எடுக்கவில்லை, அதற்குப் பின்பும் எடுக்கவில்லை. உறுதி இல்லாதோரின் விண்ணப்பங்களை ஏற்கும் முதல் மென்பொருள் தங்களுடையது என்று கம்பனி ஒரு வண்ணப் புத்தகம் அச்சிட்டு வெளியிட்டது. வேறு இரண்டு மாவட்டங்களுக்கும் அதைக் கொடுத்திருக்கிறார்கள். புத்தகத்தில் பலருக்கு நன்றி கூறப்பட்டிருக்கிறது. நிஷாந்தனின் படம் இருக்கிறது. பெனடிக்றின் படமும் இருக்கிறது.

பேச்சியம்மாவின் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. கதவு நிலையில் அவருடைய பதிவு இலக்கத்தைத் தாரினால் எழுதியிருக்கிறார்கள்.

வெள்ளாங்குளம் என்று பெயரிட்டு அதை ஆறு மாதம் கட்டியவர் பள்ளிமுனையைச் சேர்ந்த தக்சிகா. அந்தப் புத்தகத்தை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை நான் மூன்று முறை வாசித்தேன். அவருடைய பெயர் அதில் எந்த இடத்திலும் இல்லை.